வளரும் மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டால் சேர்ந்து என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. முன்பு வாய் ஓயாமல் பேசுவாள், இப்போது எது கேட்டாலும் "ம்", "ஒண்ணுமில்ல". பேட்மின்டன் பயிற்சிக்கு மட்டும் ஆசையாகப் போகிறாள். அவளோடு சேர்ந்து என்ன செய்தால் நெருக்கம் விட்டுப்போகாமல் இருக்கும்?

என் மகளுக்கு இப்போது 14. அவளும் பேட்மின்டன்தான். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் "நல்லாத்தான் போச்சு" என்பாள், அதோடு சரி. அதே பிள்ளை, இரண்டு பேர் கையிலும் ஏதாவது வேலை இருந்தால் கேட்காமலே பேசுவாள். அதனால் உட்காரவைத்துப் பேசும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு, சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலையைப் பிடியுங்கள். விளையாட்டைச் சுற்றியே நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டில் அது பேட்டுக்கு கிரிப் மாற்றுவது. பழைய கிரிப் வேர்வையில் ஊறிக் கறுத்து வழுக்க ஆரம்பித்ததும் உரித்துவிட்டுப் புதிது சுற்ற வேண்டும். கைப்பிடியின் அடியில் தொடங்கி, லேசாக இழுத்தபடி, முந்தைய சுற்றின் ஓரத்தில் கொஞ்சம் ஏறுகிற மாதிரி சாய்வாகச் சுற்றிக்கொண்டே மேலே வர வேண்டும். நான் பேட்டை உருட்டிக் கொடுப்பேன், அவள் இழுத்துப் பிடிப்பாள். "அப்பா, மெதுவா திருப்புங்க, சுருக்கம் விழுது பாருங்க." இப்படி என்னைத் திட்டிக்கொண்டே சுற்றும்போதுதான், டபுள்ஸில் கூட ஆடிய தோழி வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்துவிட்ட விஷயம் வெளியே வந்தது. நான் "ஓ" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே அறிவுரையை எடுத்துவிட்டிருந்தால் மீதிக் கதை வந்திருக்காது. சுற்ற இன்னொரு பேட்டும் இருந்தது நல்லதாகப் போயிற்று!

சேர்ந்து ஆடுவதென்றால் அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும். பேக்ஹேண்ட் சர்வீஸ் போடச் சொல்லித் தரச் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டே இருக்கும் வயதில், ஒரு பெரியவருக்குக் கற்றுத்தரும் வாய்ப்பு லேசில் கிடைக்காது. வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், 12 வயதில் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தோழிகள் இருக்கும் இடத்தில் அப்பாவோ அம்மாவோ வந்து ஆடினால் கூச்சப்படுவார்கள், அதற்கு வேறு இடம் பாருங்கள். மேட்ச் பார்க்க வருவதும் அப்படித்தான். "வரட்டுமா?" என்று அவளையே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

மேட்ச் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் ஆரம்பிக்காதீர்கள். தோற்ற அன்று மட்டுமில்லை, ஜெயித்த அன்றும். எங்கே கால் நகரவில்லை, எந்த ஷாட்டை வெளியே அடித்தாள் என்பதெல்லாம் கோச் பார்த்துக்கொள்வார். ஒரு பிள்ளைக்கு ஒரு கோச் போதும்.

பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அவள் உடம்பைப் பற்றி. பெண் பிள்ளைகள் பொதுவாக 11, 12 வயதிலும் பையன்கள் 13, 14 வயதிலும் மளமளவென்று உயருவார்கள். கையும் காலும் திடீரென்று நீளும்போது, நேற்று வரை சரியாக விழுந்த ஷாட் தப்பலாம். கவனம் போதவில்லை, சோம்பல் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டால், கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுவிடும். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேட்டில் வலிக்கிறது என்றால் சாக்கு என்று தள்ளாதீர்கள். வளரும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வரும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்ற முட்டிவலி ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி பயிற்சியைக் குறைத்துப் பாருங்கள்.

எவ்வளவு பயிற்சி என்பதற்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும்: வாரத்தில் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயது என்றால் 12 மணி நேரம், அதிலும் வாரத்துக்கு ஒரு நாளாவது முழு ஓய்வு. 13 வயதுக்கு மேல் தூக்கமே 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் பள்ளி, இரவில் வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளை உங்களிடம் பேசவில்லை என்றால், அது கோபமே இல்லாமல் வெறும் அசதியாகவும் இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

என்றைக்காவது "எனக்கு இனிமே பேட்மின்டன் வேண்டாம்" என்று வந்து நின்றால் அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். எடுத்துக்கொண்ட போட்டி முடியட்டும், பிறகு பேசலாம் என்று தள்ளிப் போடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவது, செடிக்கு மண் மாற்றுவது என்று கைக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும்?