மாத் ஹெடர் போட்டும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' எண்டு ஏன் வருது?

தம்பி, உபுண்டுவில சி புரோகிராமுக்கு ஹெடரெல்லாம் சரியாப் போட்டும் வர்க்கமூலம் எடுக்கிற 'எஸ்கியூஆர்டி' (sqrt) ஃபங்ஷனுக்கு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' எண்டு விழுது, ஜிசிசி கொம்பைலர அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடவோ எண்டு கேட்டிருக்கிறீர். வேண்டாம். கம்பஸ் ரெண்டாம் வருசத்தில நானும் முரசுமோட்டையில வீட்டு விறாந்தையில இருந்துகொண்டு ரெண்டுதரம் அழிச்சு அழிச்சுப் போட்டனான், போனில கிடந்த டேற்றா முடிஞ்சதுதான் மிச்சம்.

முதல் எரரின்ர கடைசி வரியப் பாரும். 'கலெக்ட்2', 'எல்டி ரிடர்ன்ட் 1' எண்டு கிடந்தா கொம்பைல் முடிஞ்சுது, விழுந்தது துண்டுகளையும் லைப்ரரியளையும் சேர்த்துக் கட்டுற லிங்கர். ஹெடர் இப்பிடியொரு ஃபங்ஷன் இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும், சாமான் கிடக்கிறது மாத் லைப்ரரிக்குள்ள, அதை எடு எண்டு 'மைனஸ் எல்எம்' (-lm) போட்டு நீர்தான் சொல்லவேணும்.

நான் அதையும் போட்டனான், அப்பவும் விழுந்தது, ஏனெண்டா 'ஜிசிசி மைனஸ் எல்எம் மெயின் டாட் சி' எண்டு முன்னுக்குப் போட்டிட்டன். லிங்கர் இடமிருந்து வலமாப் போறவர். பரந்தன் சந்திக் கடையத் தாண்டேக்க கையில லிஸ்ட் இல்லாட்டி ஒண்டும் வாங்கார், வீட்ட வந்தாப்பிறகு அம்மா உப்பில்லை எண்டாலும் திரும்பிப் போகார் (ஆனையிறவு உப்பளம் பக்கத்திலதான், எண்டாலும் போகார்). அதால 'மைனஸ் எல்எம்'ம கடைசியில போடும். புரோகிராமுக்குள்ளயே சேர்ந்திடுற ஸ்டாட்டிக் லைப்ரரிக்கு இந்த லிங்கரில எப்பவும் இதுதான் கதை, உபுண்டுவில 'ஆஸ் நீடட்' (தேவைப்பட்டதை மட்டும் சேர்) எண்ட ஓப்ஷன் தானாவே போட்டுக் கிடக்கிறதால ஓடேக்க வந்து சேருற ஷேர்ட் லைப்ரரிக்கும் அப்பிடித்தான்.

இன்னொரு சேட்டை இருக்கு. எஸ்கியூஆர்டிக்குள்ள நேர 2 எண்டு குடுத்தா எரரே வராது, ஜிசிசி கொம்பைல் பண்ணேக்கயே கணக்கைச் செய்து விடைய வைச்சிடும். ஸ்கேன்எஃப்ல வாங்கின வேரியபிளக் குடுத்தாத்தான் குட்டு வெளிக்கும். நேற்று ஓடினது இண்டைக்கு ஏன் ஓடேல்ல எண்டு நான் ஒரு இரவு முழுக்கத் தலையச் சொறிஞ்சது இதாலதான்.

'கேனாட் ஃபைண்ட் மைனஸ் எல்' எண்டு தொடங்கினா அது வேற வருத்தம், புரோகிராம் ஓடத் தேவையான லைப்ரரி இருக்கும், கட்டத் தேவையான 'டெவ்' பக்கேஜ் இருக்காது. டெர்மினல் திரையில வரையிற என்கர்சஸ் லைப்ரரி எண்டா ஆப்ட்ல 'லிப்என்கர்சஸ்-டெவ்' போடும். லைப்ரரி இருந்தும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' எண்டே விழுந்து, சி லைப்ரரிய சி பிளஸ் பிளஸ்ல இருந்து கூப்பிடுறீர் எண்டா, இது சி ஃபங்ஷன் எண்டு சொல்லுற 'எக்ஸ்டேர்ன் சி' விட்டுப்போச்சோ எண்டும் பாரும், கொம்பைல் பண்ணி வந்த ஓப்ஜெக்ட் ஃபைலுக்கு 'என்எம்' கொமாண்டக் குடுத்தா பேருக்குப் பக்கத்தில 'யூ' (U) நிண்டா இன்னும் தேடித் திரியுது, 'டி' (T) நிண்டா இஞ்சதான் இருக்கு.

அப்பவும் விழுந்தா கொமாண்டையும் எரரையும் முழுசா ஒட்டிவிடும், போனால ஸ்கிரீனப் படம் எடுத்துப் போடாதேயும், போனமுறை போட்டதில உம்மட மூஞ்சிதான் வடிவாத் தெரிஞ்சது.