வாசகர் கேள்வி – பதில்: மெகாங் ஆற்றின் ‘கடல் ஓநாய்கள்’

வியட்நாம் போரில் ‘சீவுல்வ்ஸ்’ என்று பெயரெடுத்த அமெரிக்கக் கடற்படையின் எச்ஏ(எல்)-3 ஹெலிகாப்டர் படை பற்றி வந்த கேள்விகளில் சில.

கடற்படை விமானிக்கு ஆற்றில் என்ன வேலை?

மெகாங் டெல்டாவில் சாலைகள் குறைவு. ஆறும் வாய்க்காலும்தான் போக்குவரத்து, ஆயுதக் கடத்தலுக்கும் அவைதான் வழி. அதைத் தடுக்க 1966 முதல் பிபிஆர் என்ற 31 அடி ரோந்துப் படகுகள் சுற்றின. வேகமான படகுதான், ஆனால் உடம்பு ஃபைபர் கிளாஸ். கரைப் புதரிலிருந்து சுட்டால் தாங்காது. கூப்பிட்ட சில நிமிடங்களில் மேலே வந்து நிற்க ஆள் தேவைப்பட்டது. 1967 ஏப்ரல் 1 அன்று வுங் தாவ் நகரில் இந்தப் படை தொடங்கியது. 1972 மார்ச்சில் வியட்நாமிலேயே கலைக்கப்பட்டது. ஆட்கள் கடற்படை, ஹெலிகாப்டர்கள் தரைப்படை கொடுத்த பழைய யூஎச்-1பி (‘ஹியூயி’). ஒரு குழுவுக்கு இரண்டு ஹெலிகாப்டர். இப்படி ஒன்பது குழுக்கள் வரை இருந்தன. சில கரையிலிருந்தும், சில ஆற்றில் நங்கூரமிட்ட எல்எஸ்டி (டாங்கிகளைக் கரையிறக்கும்) கப்பல்களிலிருந்தும் பறந்தன. இறந்தவர்கள் 44 பேர்.

நேராக ஹெலிகாப்டரிலேயே பயிற்சி தொடங்குமா?

இல்லை. அந்தக் காலத்தில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் முதலில் டி-34, பிறகு டி-28 என்று இறக்கை விமானங்களில்தான் தொடக்கம். அதன் பிறகே எல்லிசன் ஃபீல்டில் ஹெலிகாப்டர். கையும் காலும் அங்கே புதிதாகப் பழக வேண்டும். இடக்கையில் கலெக்டிவ் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்), வலக்கையில் சைக்ளிக் (சாய்த்து நகர்த்தும் பிடி), கால்களில் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்ப). ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். அசையாமல் அந்தரத்தில் நிற்கப் பழகுவதுதான் பலரைத் திணறடிக்கும். சக்கரமும் நான்கு இதழ் ரோட்டரும் (தலைக்கு மேல் சுழலும் விசிறி) கொண்ட யூஎச்-34-இல் ‘கிரவுண்ட் ரெசனன்ஸ்’ என்ற ஆபத்து வேறு உண்டு. ஒரு சக்கரம் தரையில் இடித்து ரோட்டர் இதழ்களின் இடைவெளி குலைந்தால், ஆட்டம் தானாகப் பெருகி, சில நொடிகளில் இயந்திரமே சிதறிவிடும். ரோட்டர் முழு வேகத்தில் இருந்தால் உடனே மேலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் கலெக்டிவை இறக்கி, திராட்டிலை மூடி, ரோட்டர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

விமானிக்கான பட்டயச் சின்னம் கிடைத்த பிறகு தரைப்படையிடம் யூஎச்-1பி-யும் ஆயுதமும் கற்க வேண்டும்.

போரில் இவர்களுக்குப் பெரிய தலைவலி எதிரியின் குண்டுதானா?

அதற்கு முன்பே எடை. இந்தப் படையைப் பற்றி எழுதுபவர்கள் வீரத்தை நிறைய எழுதுகிறார்கள், எடைக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

யூஎச்-1பி-யின் அதிகபட்ச எடை 8,500 பவுண்ட், அதாவது சுமார் 3,855 கிலோ. டாங்க் நிறைந்தால் 165 கேலன் எரிபொருள்; அதுவே 480 கிலோவுக்கு மேல். நான்கு பேர், அவர்களின் கவச உடை. 14 ராக்கெட், ஒன்று ஏறத்தாழ 9 கிலோ. துப்பாக்கிக் குண்டு ஆயிரத்துக்குச் சுமார் 30 கிலோ. ஹெலிகாப்டரின் சொந்த எடையோடு கூட்டிப் பார்த்தால் எல்லை தொட்டுவிடும், பல நாள் தாண்டியும்விடும். இன்ஜினோ 1,100 குதிரைத்திறன்தான். இதில் வெயிலையும் சேருங்கள்: கடல்மட்டத்தில் 35 டிகிரி என்றால், காற்று 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல் மெலிந்துவிடும். இன்ஜினுக்கும் நஷ்டம், ரோட்டருக்கும் நஷ்டம்.

அதனால் ஓடுபாதை உள்ள இடத்தில் ஸ்கிட்டை (சக்கரத்துக்குப் பதிலான சறுக்குக் கம்பி) தரையில் உரசிச் சறுக்கிக்கொண்டே வேகம் பிடிப்பார்கள். கதவோரத் துப்பாக்கி வீரர்கள் பக்கத்தில் ஓடிவந்து, கிளம்பும் நேரத்தில் தாவி ஏறுவார்கள். சுமார் 15–20 நாட் (மணிக்கு 28–37 கி.மீ.) வேகம் வந்ததும் ரோட்டருக்குப் புதிய காற்று கிடைத்துத் தூக்கும் சக்தி கூடும்.

கப்பல் தளத்தில் சறுக்க இடமேது? தளத்துக்கு மேலே மூன்று, நான்கு அடியில் நிற்கும்போது ரோட்டர் தள்ளும் கீழ்க்காற்று தளத்தில் மோதித் தாங்கும். விளிம்பைத் தாண்டியதும் அந்தத் தாங்கல் போய்விடும். விமானி மூக்கைத் தாழ்த்தி, தண்ணீரை நோக்கி இறங்கி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குவார். நிமிடத்துக்கு 6,600-இல் இருக்க வேண்டிய இன்ஜின் சுற்று விழத் தொடங்கும். பயந்து கலெக்டிவை இன்னும் இழுத்தால் ரோட்டர் மேலும் தளர்ந்து நேரே தண்ணீரில்தான். சிறிது இறக்கி, சுற்றை மீட்டு, பிறகே ஏற வேண்டும். இடது பெடலைச் சற்று விட்டுக்கொடுத்தால் வால் ரோட்டர் தின்னும் சக்தி மிச்சமாகும். கடலில் கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பச் சொல்லலாம். ஆற்றில் நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டத்தின் பக்கம்தான் நிற்கும். வீசும் காற்றை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ராக்கெட் ஏன் குறி தவறும்?

பெரும்பாலும் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நழுவுவதால். 70 மி.மீ. ராக்கெட் குழாயை விட்டு வரும்போது அதற்கு வேகம் குறைவு. எதிர்க்காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். எனவே சுடும் நொடியில், நழுவலைக் காட்டும் டர்ன் கருவியின் உருண்டை நடுவில் இருக்க வேண்டும். மெதுவாகப் பறந்தால் ரோட்டரின் கீழ்க்காற்றும் ராக்கெட்டைத் தட்டிவிடும்.

தாக்குதல் எப்போதும் ஜோடியாக. முன்னவர் சுட்டுத் திரும்பும்போது வயிறு எதிரிக்குத் தெரியும். அப்போது பின்னவர் சுட்டு மறைப்பார். இலக்குக்கு நேர் மேலே போகக் கூடாது, அதற்கு முன்பே திரும்ப வேண்டும். நம் படகுகளின் தலைக்கு மேலாகவும் சுடுவதில்லை. குறைந்த தூரத்தில் விழும் ராக்கெட் நம்மவர் மேலேயே விழும்.

இன்ஜின் நின்றால்?

கலெக்டிவை அந்த நொடியே கீழே. யோசித்தால் ரோட்டர் சுற்று போய்விடும், போனது திரும்பாது. கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, 60–70 நாட்டில் இறங்கி, 100 அடி வாக்கில் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொன்று, கடைசியில் கலெக்டிவை இழுத்து மெதுவாக அமர்த்த வேண்டும். ஒருமுறைதான் வாய்ப்பு. தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும்போது, உதாரணத்துக்குக் கப்பலை விட்டுக் கிளம்பும் அந்த நொடிகளில், இதற்கெல்லாம் நேரமே இல்லை.

தண்ணீரில் விழுந்தால் ஹெலிகாப்டர் தலைகீழாகும். இன்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டர் எல்லாம் மேலே அல்லவா இருக்கின்றன? ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்து, வழியைத் திறந்த பின்பே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு முதலில் பெல்ட்டை அவிழ்ப்பவர் உள்ளேயே மிதந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் சிக்குவார்.

எங்கள் ஊர் ஐஎன்எஸ் ராஜாளியிலும் இதே பாடமா? (அரக்கோணம் வாசகர்)

அடிப்படை ஒன்றுதான். 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த அந்தத் தளத்தில்தான் நம் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, பயிற்சிக்குச் சேதக் ஹெலிகாப்டர். 2024 ஜூனில் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அனாமிகா பி. ராஜீவ் அங்குதான் சின்னம் பெற்றார்.

ஒரு வித்தியாசம் மட்டும் சுவையானது. பிரெஞ்சு வம்சமான சேதக்கின் ரோட்டர், மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழலும். அமெரிக்க ஹியூயி அதற்கு எதிர்த் திசையில். ஆகவே கலெக்டிவை உயர்த்தும்போது சேதக்கில் வலது பெடலை மிதிக்க வேண்டும், ஹியூயியில் இடது பெடலை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் விமானியின் மூக்கு முதல் சில நாள் தப்பான பக்கம் திரும்பத்தான் செய்யும்.