வரியா, பர்மிட்டா? இரண்டு ஆலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். மாசு வரி போட்டாலும் சரி, மாசு விட அனுமதிக்கும், வாங்கி விற்கக்கூடிய பர்மிட் கொடுத்தாலும் சரி, பலன் ஒன்றுதான் என்கிறது பாடநூல். அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இத்தனை விவாதம் ஏன்? படம் வரையச் சொன்னால் வரைந்துவிடுகிறேன். கணக்கு வந்தால் கை நின்றுவிடுகிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: படத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு கணக்கை உங்கள் கையால் முழுவதும் போடுங்கள். விவாதம் எங்கே தொடங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு ஆலைகள். ஒவ்வொன்றும் 100 டன் தூசு விடுகிறது. மொத்தம் 60 டன் குறைய வேண்டும். முதல் ஆலையில் ஒவ்வொரு டன் குறைக்கும்போதும் இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒரு டன் குறைக்க ஆகும் செலவு, 10 ரூபாய் ஏறுகிறது: 30ஆவது டன்னுக்கு 300, 40ஆவதுக்கு 400. இரண்டாவது ஆலையில் ஏற்றம் 20 ரூபாய். இறுதிநிலைச் செலவைக் கோடாக வரைந்தால், மொத்தச் செலவு என்பது அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு.

ஆளுக்கு 30 டன் குறையுங்கள் என்று உத்தரவு போட்டால், முதல் ஆலைக்கு 4,500, இரண்டாவதுக்கு 9,000, ஆக 13,500 ரூபாய். இறுதிநிலைச் செலவு இரண்டிலும் சமமாகும் இடம் எது? முதல் ஆலை 40, இரண்டாவது 20. இரண்டிலும் 400 ரூபாய். செலவு 8,000 கூட்டல் 4,000, ஆக 12,000. அதே 60 டன், 1,500 ரூபாய் மிச்சம்.

விடும் டன்னுக்கு 400 ரூபாய் வரி போட்டால் ஆலைகள் தாமாகவே இந்த இடத்துக்கு வரும்; இறுதிநிலைச் செலவு 400ஐத் தொடும்வரை வரி கட்டுவதைவிடக் குறைப்பதே மலிவு. ஆலைக்கு 70 பர்மிட் (ஒரு பர்மிட்டுக்கு ஒரு டன் விடலாம்) இலவசமாகக் கொடுத்தாலும் வரும்: முதல் ஆலை 60 டன் மட்டும் விட்டு, மிஞ்சும் 10 பர்மிட்டை 400 ரூபாய் வீதம் விற்கும்; இரண்டாவது அவற்றை வாங்கி 80 டன் விடும். பாடநூல் சொல்லும் ‘ஒன்றுதான்’ என்பது இந்த அளவுக்குத்தான் உண்மை.

இனி பணம் யார் பையிலிருந்து போகிறது என்று பாருங்கள். வரியில், குறைப்புச் செலவு போக, முதல் ஆலை 24,000, இரண்டாவது 32,000 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். இலவசப் பர்மிட்டில் அரசுக்குக் காசே இல்லை. உத்தரவோடு ஒப்பிட்டால் முதல் ஆலைக்கு 500, இரண்டாவதுக்கு 1,000 ரூபாய் லாபம். ஆலை முதலாளிகள் வரியை எதிர்ப்பதும் இலவசப் பர்மிட்டை ஏற்பதும் இதனால்தான். பர்மிட்டை ஏலம் விட்டால் நிலைமை மறுபடி வரி மாதிரி ஆகிவிடும். தேர்வில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம்.

அடுத்தது, செலவு எவ்வளவு என்று அரசுக்குச் சரியாகத் தெரியாதபோது என்ன செய்வது என்பது. பொருளாதார அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1974இல் தந்த விடை: சேதக் கோடு (இன்னும் ஒரு டன் மாசால் வரும் சேதம்) செலவுக் கோட்டைவிடச் செங்குத்தாக ஏறினால் பர்மிட் மூலம் அளவைக் கட்டுப்படுத்து, செலவுக் கோடு அதைவிடச் செங்குத்தாக இருந்தால் வரி மூலம் விலையைக் கட்டுப்படுத்து. அளவைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய கார்பன் சந்தையின் முதல் கட்டம் (2005–2007) போதும். உமிழ்வைவிட அதிகமாகப் பர்மிட் கொடுத்தார்கள். மிச்சத்தை 2008க்கு எடுத்துச் செல்லவும் விடவில்லை. 2007 முடிவில் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இடம் முக்கியமா என்றும் கேளுங்கள். கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். சாயக்கழிவு அப்படியல்ல. நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு சாயப் பட்டறை பர்மிட் வாங்கிக் குவித்தால், அதற்குக் கீழே உள்ள கிணறுகள்தான் கெடும். மொத்த அளவு குறைந்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஆறுதலே அல்ல.

கடைசியாக, அளக்க முடியாததை விற்க முடியாது. குஜராத்தின் சூரத்தில் 2019இல் தூசுக்குப் பர்மிட் சந்தை தொடங்கியபோது, புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள்தான் அதற்கு அடித்தளம்.

கணக்கில் அடிக்கடி வரும் பிழை இரண்டு. கிடை அச்சில் உமிழ்வா, குறைப்பா என்று எழுதாமல் கோடு போடுவது. உமிழ்வு என்றால் செலவுக் கோடு இடமிருந்து வலமாக இறங்கும், குறைப்பு என்றால் ஏறும். இன்னொன்று, வரி விகிதத்தை இப்போதைய உமிழ்வில் உள்ள இறுதிநிலைச் சேதத்துக்குச் சமமாக வைப்பது. சேதக் கோடும் செலவுக் கோடும் வெட்டும் உகந்த அளவில் உள்ள சேதத்துக்குத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரி கூடிப்போகும்.

செமினாருக்குத் தலைப்பு வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போங்கள். அங்கே 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் தருகிறார்கள். காட்டில் யார் பாட்டில் வீசினார் என்று கண்காணித்து வரி போட முடியாது. முன்பணம் என்றால் கண்காணிப்பே வேண்டாம். பாட்டிலைத் திருப்புவது குடித்தவரா, பொறுக்கி விற்பவரா என்று இரண்டு கடை வாசலில் நின்று கேளுங்கள். 10 ரூபாய் யாருடைய நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு அதுதான் உங்கள் தரவு.