கசாப்புக்கடை மாடியில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ‘டெலிகாட்டசன்’ என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். மனைவியும் உடனிருந்தார். மனிதக் கறி விற்கும் கசாப்புக்காரனின் கதை என்று தெரிந்து, படத்தில் வரும் பாட்டியை வெட்டும் முறை வந்ததும் மனைவி எழுந்து போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன், நடுவில் கொஞ்சம் ஓட்டிவிட்டுத்தான். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று அவர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட விஷயத்துக்குச் சிரிப்பது சரியா? அப்புறம், கதை எந்த ஆண்டில் நடக்கிறது, என்ன பேரழிவு நேர்ந்தது என்று எங்கும் சொல்லவில்லையே? தண்ணீர் தேங்கிய அறையில் தவளைகளோடு வாழ்பவர் எதன் குறியீடு? கசாப்புக்காரனை முதலாளித்துவத்தின் குறியீடாகக் கொள்ளலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்களுக்கு உடனே எழுதக் காரணம், சில நாட்களாக ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பாரிஸைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் படம் அடிக்கடி நினைவுக்கு வந்தபடி இருந்தது.

முதலில் தவளைக்காரர். அவர் எதன் குறியீடும் அல்ல. தவளையும் நத்தையும் தானே வளர்த்துத் தின்கிறார், ஆகவே கசாப்புக்கடை வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அந்தக் கட்டடத்தில் அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்தீர்களா? குறியீடு தேடுகிற அவசரத்தில் கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டீர்கள். ஆண்டு, பேரழிவு பற்றிய கேள்விகளையும் விட்டுவிடுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் யாருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைக்கு என்ன சாப்பாடு என்பதுதான் அவர்கள் பேச்சு.

ஆனால் அந்தப் பசிக்கு ஊர் உண்டு, வரலாறு உண்டு. 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டே ரேஷன் அட்டை வந்துவிட்டது. வயதுவந்த ஒருவருக்கு அட்டையில் கிடைத்தது ஒரு நாளைக்குச் சுமார் 1200 கலோரி. மாட்டுக்குப் போடுகிற ருட்டபாகா கிழங்கை மனிதர்கள் தின்றார்கள். பாரிஸ்காரர்கள் பால்கனியில் முயல் வளர்த்தார்கள். பூனைகள் எலி தின்பவை, அவற்றைச் சமைத்துச் சாப்பிட வேண்டாம் என்று பத்திரிகைகள் எச்சரிக்கை போட வேண்டியிருந்தது. 1944ல் நகரம் விடுதலையான பிறகும் ரேஷன் போகவில்லை, 1949 வரை இழுத்தது. அந்தக் காலத்தில் இறைச்சியும் வெண்ணெயும் யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதுதான் விலை. இந்தப் படத்தை இயக்கிய இருவரில் ழான்-பியர் ழூனே பிறந்தது 1953ல், மார்க் காரோ 1956ல். வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள். படத்தில் வரும் உடைகளையும், விளக்குகளையும், அந்தப் பழுப்பு மஞ்சள் வெளிச்சத்தையும் பாருங்கள். எதிர்காலம் என்று சொல்லிக்கொண்டு அப்பா அம்மாவின் காலத்தைத்தான் காட்டுகிறார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது குதிரை, நாய், பூனை, எலி எல்லாம் தட்டுக்கு வந்தன. விலங்குக் காட்சிசாலையில் காஸ்டர், போலக்ஸ் என்று இரண்டு யானைகள் இருந்தன. அவற்றையும் கொன்று விற்றார்கள், வாங்கி விற்றவர் ஒரு கசாப்புக்காரர். அதைவிடப் பழையது புனித நிக்கோலாஸ் கதை. வழிதவறிய மூன்று குழந்தைகள் இரவில் ஒரு கசாப்புக்காரன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவன் அவர்களை வெட்டி உப்புத்தொட்டியில் போட்டுவிடுகிறான். ஏழு ஆண்டுகள் கழித்து அந்த வழியே வரும் நிக்கோலாஸ் அவர்களை உயிரோடு எழுப்புகிறார். பிரான்சில் இது குழந்தைகள் பாடும் பாட்டு! நம்பி வந்தவனைக் கறியாக்கும் கசாப்புக்காரன் அவர்களுக்குத் தாலாட்டு வயதிலேயே அறிமுகமானவன். விளம்பரத்தைப் பார்த்து வேலைக்கு வரும் லூயிசோன், மூட்டையோடு அந்தக் கடை வாசலில் இறங்கும்போது பிரெஞ்சுக்காரன் ஒருவனுக்கு அந்த மூன்று குழந்தைகள் ஞாபகம் வராமல் இருக்குமா?

சரி, குறியீட்டுக்கு வருகிறேன். இதில் உங்களைத் திட்டத்தான் வேண்டும். கசாப்புக்காரனை முதலாளித்துவம் என்று பெயரிட்டுவிட்டால் உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அவன் எங்கோ இருக்கும் ஒரு பெரிய தீமை, நாம் இங்கே இருக்கும் நல்லவர்கள். படம் அந்த வசதியைத் தரவே இல்லை. அது காட்டுவது கசாப்புக்காரன் கிளாப்பேயைவிட அவன் வீட்டில் குடியிருப்பவர்களை. அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரவில் மாடிப்படியில் காலடி கேட்டால் கதவைத் திறக்கக் கூடாது என்று தெரியும். மறுநாள் கடையில் கறி இருக்கும் என்று தெரியும். தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறார்கள். யாரும் கத்தி எடுப்பதில்லை, யாரும் யாரையும் வெறுப்பதுகூட இல்லை.

அந்தக் கட்டில் காட்சியை ஓட்டாமல் பார்த்தீர்களா? ஓட்டியிருந்தால் நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கிளாப்பேயும் அவனுடைய காதலி பிளுஸும் கட்டிலில் இருக்கிறார்கள். ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. அந்தச் சத்தம் குழாய் வழியாக வீடு முழுக்கப் போகிறது. மேலே லூயிசோன் கூரைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறான், அவனுடைய உருளை அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்க ஆரம்பிக்கிறது. கசாப்புக்காரனின் மகள் ஜூலி பெரிய வயலின் போன்ற செல்லோ வாசிக்கிறாள், அவளுடைய வில்லும் அதே தாளத்துக்கு வருகிறது. ஒருத்தி கம்பளம் தட்டுகிறாள், ஒருவர் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கிறார், கிழவி ஸ்வெட்டர் பின்னுகிறாள், மாடு போலக் கத்தும் பொம்மை டப்பா செய்யும் சகோதரர்கள் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிங் வேகம் பிடிக்கப் பிடிக்க எல்லோர் கையும் வேகம் பிடிக்கிறது. யாருக்கும் தான் அந்தத் தாளத்தில் இருப்பது தெரியாது. உச்சத்தில் செல்லோவின் நரம்பு அறுகிறது, டயர் வெடிக்கிறது, லூயிசோன் கீழே விழுகிறான்.

சிரிப்பு தாங்காது. சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன பார்த்தோம்? ஒரு வீடே கசாப்புக்காரனின் கட்டில் சத்தத்துக்கு வேலை செய்வதைப் பார்த்தோம். வசனம் ஒன்றும் கிடையாது, படத்தொகுப்பும் ஒலியும் மட்டும்தான். எர்வே ஷ்னீத் இந்தப் படத்தின் தொகுப்புக்காகப் பிரெஞ்சுத் திரைப்பட விருதான சேஸார் வாங்கினார். இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம். இந்தப் படத்தின் விதை எங்கிருந்து வந்தது என்று ழூனே சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு கசாப்புக்கடைக்கு மேல் குடியிருந்தார். தினமும் காலையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்கும். கீழே ஒவ்வொரு குடித்தனமாக வெட்டிக்கொண்டே வருகிறார்கள், நம் முறையும் வரும் என்று அவருடைய காதலி சொன்னாராம். காதில் விழுந்த சத்தத்திலிருந்து பிறந்த படம் இது.

நான் இதை முதலில் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். கட்டில் காட்சிக்கு அரங்கமே நாற்காலியைத் தட்டிச் சிரித்தது. தப்பியோட முயன்றவன் குப்பைத்தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் தொடக்கக் காட்சிக்குக்கூடச் சிரித்தோம். ஆனால் அங்கே குடியிருக்கும் டாப்பியோக்கா குடும்பத்தில் காசு தீர்ந்து, தானியம் தீர்ந்து, கடனுக்கு மாமியாரைக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். திரும்பிப் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதுவரை எல்லோரும் எந்தத் தாளத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. உங்கள் மனைவியும் அந்த இடத்தில்தான் எழுந்து போயிருக்கிறார். அவர் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவரிடம் விளக்கம் சொல்ல முயலாதீர்கள், என்ன பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது ஒன்றுதான். ஜூலியைப் பற்றி ஒரு வரி இல்லை. கசாப்புக்காரனின் மகள், அந்தக் கறிக்காசில் வளர்ந்தவள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே இருப்பது தெரியாது. அழகாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு லூயிசோனுக்குத் தேநீர் கொடுத்துத் தடுமாறுகிறாளே, எவ்வளவு பிரியமான காட்சி! லூயிசோன் நல்லவன்தான். தன்னோடு சர்க்கஸில் ஆடிய குரங்கைத் தின்றவர்களைக்கூட மன்னித்துவிட்டான். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, சூழ்நிலை அப்படி என்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சூழ்நிலை ஜூலிக்கும் இருந்தது. மற்றவர்களைவிட அவளுக்கு இழப்பதற்கு அதிகம் இருந்தது. இருந்தும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, இறைச்சி தொடாத அந்தத் தலைமறைவுக்காரர்களைத் தேடிப்போய், சொந்த அப்பாவுக்கு எதிராக உதவி கேட்டவள் அவள் ஒருத்திதான். சூழ்நிலை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பாக்கிப் பேர். நீங்கள் அவளைக் கவனிக்காமல் தவளைக்காரரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

மறுபடி ஒருமுறை போடுங்கள், ஓட்டாமல். இந்த முறை கசாப்புக்காரனை விட்டுவிட்டு, எந்தக் காட்சியிலிருந்து ஜூலி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறாள் என்று பாருங்கள். கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.