அழிந்த விலங்கைக் கதைக்குள் கொண்டுவருவதற்குக் காலப்பயணம் நம்பத்தக்கதா, மரபணு நம்பத்தக்கதா?

அறிவியல் புனைகதைகளில் அழிந்துபோன விலங்குகளைத் திரும்பக் கொண்டுவர மரபணு வழியே நம்பத்தக்கது என்றும், காலப்பயணம் வெறும் மாயாஜாலம் என்றும் கேள்வி கேட்டவர் கருதுகிறார். இயற்பியலை மட்டும் பார்த்தால் அவரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கதைக்குள் வந்து நிற்கும் விலங்கைப் பார்த்தால் எனக்கு நேர்மாறாகவே தோன்றுகிறது. காலப்பயணம் கொண்டுவருவது அந்த விலங்கையே. ஆய்வகம் தருவது அதன் உடலை மட்டுமே.

இப்படி நினைக்க எனக்குக் காரணமாக இருந்தவை யானைகள். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரன். ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும். சிறுவயதில் என் தாய்மாமாவோடு பரணில் இரவுக் காவலுக்குப் படுத்திருக்கிறேன். ஒருநாள் நிலவொளியில், வயலோரத்தில் நின்ற பெரிய பெண் யானை ராகித் தூரை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு மூன்று முறை அடித்து மண்ணை உதிர்த்துவிட்டு வாயில் வைத்தது. பக்கத்திலிருந்த குட்டி பிடுங்கியதை மண்ணோடு மென்று துப்பியது. மறுபடி பிடுங்கி, தாயைப் போலவே காலில் அடிக்க முயன்று குறி தவறித் தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டது. மாமா தகரத்தைத் தட்டுவதற்குள் அதை நான்கைந்து முறையாவது செய்து பார்த்திருக்கும். மண்ணை உதிர்க்கும் அந்த வித்தை குட்டியின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கவில்லை, தாயின் காலடியில் நின்று அது கற்றுக்கொண்டிருந்தது.

இப்போது குளிர்ப் பிரதேசங்களில் வாழ்ந்து அழிந்த, யானையைப் போன்ற மாமூத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்க யானையைவிட மாமூத்துக்கே நம் ஆசிய யானை நெருங்கிய உறவு. அதனால்தான் 2021இல் தொடங்கப்பட்ட கொலோசல் என்னும் அமெரிக்க நிறுவனம், ஆசிய யானையின் மரபணுவைத் திருத்தி மாமூத்தைப் போன்ற குட்டியை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது. அது நடந்தே விட்டதாக வைத்துக்கொண்டாலும், 22 மாதம் சுமந்து பெறப்பட்ட அந்தக் குட்டிக்குப் பனிக்கடியில் புல் இருக்கும் என்று காட்டிக்கொடுக்கப் போவது யார்? அதற்குக் கிடைக்கும் தாய், பனி என்ற ஒன்றையே பார்த்திராத ஒரு யானையாகத்தான் இருக்கும்.

இந்த உண்மையை நம் நாட்டு வேட்டைக்காரர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். சிவிங்கிகளை (சீட்டா எனப்படும் வேட்டைப் பூனைகளை) பழக்கி மான் வேட்டைக்குக் கொண்டுசென்றவர்கள் குட்டிகளைத் தேடிப் போகவில்லை. தாயிடம் வேட்டையாடக் கற்று முடித்த பெரிய சிவிங்கிகளையே கண்ணி வைத்துப் பிடித்தார்கள். அடைத்து வைத்தால் அவை பெரும்பாலும் இனம் பெருக்கியதில்லை. பிடித்துவைத்த சிவிங்கி ஒன்று குட்டி ஈன்றதை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அதிசயமாகவே பதிந்திருக்கிறார். 1952இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்தபோதும், வளர்ந்த விலங்குகளைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஆய்வக வழியின் அறிவியல் மதிப்பும் நாம் எண்ணும் அளவுக்கு உயர்ந்ததல்ல. 1990இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ நாவலில் மரப்பிசினில் சிக்கிய கொசுவிலிருந்து டைனோசரின் டி.என்.ஏ. கிடைக்கிறது, குறைபட்ட இடங்களைத் தவளையின் மரபணு நிரப்புகிறது. மோவா என்னும் அழிந்த பறவையின் எலும்புகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வின்படி, எலும்பிலுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைகிறது. குளிர் மிகுந்த கிரீன்லாந்து மண்ணிலிருந்து இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய டி.என்.ஏ.வுக்கு வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள்; டைனோசர்கள் அழிந்ததோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆகவே அந்தக் கொசுவும் ஒரு கால இயந்திரம்தான். வெள்ளை அங்கி அணிந்திருப்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை. 2025இல் அதே கொலோசல் நிறுவனம் அழிந்துபோன ‘டயர் ஓநாய்’ இனம் என்று அறிவித்த குட்டிகள்கூட, 20 திருத்தங்கள் செய்யப்பட்டு, நாயின் வயிற்றில் வளர்ந்த சாம்பல் ஓநாய்களே.

காலப்பயணத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. கடந்த காலத்திலிருந்து ஓர் உயிரை எடுத்தால் அதன் சந்ததியும் அந்தச் சந்ததியைத் தின்றவையும் என்னவாகும் என்ற கேள்விக்குக் கதாசிரியர் விடை வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை ரே பிராட்பரி 1952இல் எழுதிய சிறுகதையில் இருக்கிறது. அதில் டைனோசர் வேட்டைக்கு ஆள் அழைத்துச் செல்லும் நிறுவனம், எப்படியும் சில நிமிடங்களில் மரக்கிளை விழுந்து சாகப்போகும் விலங்கை மட்டுமே முன்கூட்டிக் குறித்து வைக்கிறது. (அப்படியும் ஒரு பட்டாம்பூச்சி மிதிபட்டு எல்லாம் கெட்டுப்போவது வேறு கதை.) உயிரோடு மீட்டு வருவதற்கும் இதே விதியைக் கடைப்பிடிக்கலாம்.

இதற்கென்றே செய்தது போன்ற ஒரு நிகழ்ச்சி ஸ்பெயினில் நடந்திருக்கிறது. பைரனீஸ் மலையின் புகார்டோ என்னும் காட்டாட்டு இனத்தில் எஞ்சியிருந்த கடைசி ஆடு, செலியா எனப் பெயரிடப்பட்ட பெண் ஆடு, 2000 ஜனவரியில் மரம் விழுந்து இறந்து கிடந்தது. முந்தைய ஆண்டே எடுத்து வைத்திருந்த அதன் செல்களைக் கொண்டு 2003இல் படியாக்கம் (குளோனிங்) செய்யப்பட்ட குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறினால் சில நிமிடங்களில் இறந்தது. பிழைத்திருந்தாலும் துணைக்குக் கிடா இல்லை. கால இயந்திரம் உள்ள கதாபாத்திரமோ, மரம் விழுவதற்குச் சற்று முன் சென்று செலியாவை எடுத்துக்கொண்டு, இன்னும் சில பத்தாண்டுகள் பின்னால் போய், சாகும் தறுவாயில் இல்லாவிட்டாலும் சந்ததி விடாத ஒரு கிடாவைத் தேடலாம். அந்தத் தேடலே ஒரு நல்ல கதை.

எங்கள் ஊரை வைத்து எழுதுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. மெருகேற்றி வீட்டுத் தரைக்குப் போடலாமே தவிர, அவற்றில் டைனோசர் எலும்பைத் தேடக் கூடாது. எலும்புக்கு அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

நானே எழுதுவதானால் சிவிங்கியைத்தான் எடுப்பேன். எங்கள் பகுதியின் பழைய பெயரான பாராமகால் 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்தது. அவரிடம் வேட்டைச் சிவிங்கிகளும் இருந்தன. கதாநாயகன் 1790க்குச் சென்று, தாயிடம் பாடம் முடித்த ஒரு சோடியைப் பிடித்துவிடுவான். அதன் பிறகு அவன் ஒவ்வொரு பத்தாண்டாக முன்னேறி வந்து, அவற்றை இறக்கிவிட ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மான் மேயும் திறந்தவெளி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் மாந்தோப்பு, ஓர் ஆண்டில் கல்குவாரி, ஓர் ஆண்டில் நான்குவழிச் சாலை. கூண்டுக்குள் சிவிங்கிகளுக்குப் பசி எடுத்துக்கொண்டே இருக்கும். எந்த ஆண்டில் நிறுத்துவது என்று அவனுக்கே தெரியாது. எனக்கும் இன்னும் பிடிபடாததால்தான் அந்தக் கதை பாதியில் கிடக்கிறது.