‘உள்ளே ஈ கூட இல்லை’: இத்தாலிய முகமூடி நாடகம் பற்றி ஒரு கேள்வி பதில்

கொமேடியா டெல்லார்ட்டே என்ற இத்தாலிய முகமூடி நகைச்சுவை நாடகம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில். 16 முதல் 18-ம் நூற்றாண்டு வரை நடந்ததும், தோல் முகமூடி வேலையும்தான் இங்கே. ஒரே கேள்வி மறுபடி வந்தால் ஒரு வரிதான் கிடைக்கும்.

நாடக மாணவி: எழுதிய வசனமே கிடையாதாமே? வாய்க்கு வந்ததைப் பேசினார்களா?

எழுதிய வசனம் கிடையாது என்பது சரி. வாய்க்கு வந்ததைப் பேசினார்கள் என்பது தப்பு.

அவர்கள் கையில் இருந்தது ‘சினாரியோ’ என்ற கதைச்சுருக்கம். ஃப்ளமீனியோ ஸ்காலா 1611-ல் வெனிஸில் அச்சிட்ட தொகுப்பில் இப்படி 50 இருக்கின்றன. முதலில் முன்கதை, அடுத்து பாத்திரங்கள், அடுத்து மேடைக்கு வேண்டிய சாமான்கள். அதற்குப் பிறகு அங்கம் அங்கமாக யார் வருகிறார், எதைத் தெரிந்துகொள்கிறார், யாரிடம் உதை வாங்கிக்கொண்டு போகிறார் என்பது மட்டும். 1699-ல் நேப்பிள்ஸில் வந்த ஆந்த்ரியா பெருச்சியின் கையேடு, ஆட்டத்துக்கு முன் குழுத்தலைவர் எல்லாரையும் கூட்டி இதை விளக்க வேண்டும் என்கிறது. யாருக்கு என்ன பெயர், எந்த வீடு யாருடையது என்பது வரைக்கும். இதில் ஒருவர் கோட்டைவிட்டால் பான்டலோனே என்ற கிழட்டு வணிகர் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வருவார், கதை அங்கேயே கவிழும்.

மற்றதெல்லாம் நடிகரின் மனப்பாடம். பெரும்பாலும் ஒருவருக்கு ஆயுசு முழுக்க ஒரே வேடம். காதலர் வேடக்காரரின் நோட்டில் ஏக்கம், பொறாமை, ஊடல், பிரிவு என்று தலைப்புவாரியாகப் பேச்சுகள் எழுதியிருக்கும். மேடையை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போக எதுகை ஈரடிகள் தனியாக. வேலைக்கார வேடங்களிடம் ‘லாட்ஸி’ என்ற தயார் சேட்டைகள். ஒன்றைப் பாருங்கள். புல்ச்சினெல்லா என்ற வேலைக்காரனை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போன எஜமான் திரும்பி வருகிறார்.

“உள்ளே யாராவது இருக்காங்களாடா?”
“ஈ கூட இல்லை, எஜமான்.”
எஜமான் உள்ளே போகிறார், அலறிக்கொண்டு வெளியே வருகிறார்: “மூணு பேர் இருக்கானுங்களேடா!”
“ஆள்தானே எஜமான் இருந்தது? ஈ இருந்துச்சா?”

இது பழைய சரக்கு, எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு இதை எங்கே நுழைப்பது, எவ்வளவு இழுப்பது, சிரிப்பு வராவிட்டால் எப்படிக் கழற்றிக்கொள்வது என்பதுதான் அந்த நேரத்துக் கற்பனை.

வாசகர்: எப்போது தொடங்கியது? ‘ஆர்ட்டே’ என்றால் கலைதானே?

இங்கே அந்தச் சொல்லுக்குத் தொழில் என்று பொருள். தொழில்முறை நடிகர்களின் நாடகம். இந்தப் பெயரே 18-ம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ‘ஸான்னி (வேலைக்காரக் கோமாளி) நாடகம்’, ‘எழுதாமல் ஆடும் நாடகம்’ என்றெல்லாம் சொன்னார்கள்.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய தொடக்கம் 1545 பிப்ரவரி 25. அன்று பாதுவா நகரில் மாஃபியோ என்பவர் தலைமையில் எட்டுப் பேர் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். வசூல் பெட்டிக்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பொதுப்பணத்தில் செலவு. சாமான் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை. தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, சாப்பாட்டுப் பண்டம் வைத்து ஆடினால் மட்டும் பரவாயில்லை. கலையைப் பற்றி ஒரு வரி தேடினாலும் அதில் கிடைக்காது.

வாசகர்: கொக்கு மூக்கு வைத்த கொள்ளைநோய் வைத்தியர் முகமூடி யாருடைய வேடம்?

இந்த நாடகத்தில் யாருடையதும் அல்ல. வெனிஸ் கடைகளில் எல்லா முகமூடியையும் ஒரே சுவரில் மாட்டி விற்பதால் வந்த குழப்பம். இதில் வரும் டொட்டோரே பொலோன்யா ஊர்ப் பண்டிதர், தப்பும் தவறுமாக லத்தீன் கொட்டுகிறவர். அவர் முகமூடி நெற்றியையும் மூக்கையும் மட்டுமே மூடும்.

தோல் கைவினைஞர்: முகமூடியை எப்படிச் செய்வது? இரண்டு முறை முயன்றேன், காய்ந்ததும் வடிவம் போய்விட்டது.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் வாங்கியிருப்பீர்கள். அது நனைந்து காய்ந்தால் பழையபடி நிமிர்ந்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் அச்சின் வடிவத்தைப் பிடித்துவைக்கும். கனம் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும்.

முதலில் மரத்தில் முகத்தைச் செதுக்க வேண்டும். புருவ மேட்டையும் மூக்கோரப் பள்ளத்தையும் நீங்கள் நினைப்பதைவிட ஆழமாகச் செதுக்குங்கள், தோல் ஏறினால் பாதி மழுங்கிவிடும். தோலைக் குளிர்ந்த நீரில் நன்றாக ஊறப்போடுங்கள். வெந்நீர் பட்டால் சுருங்கி விறைத்துப்போகும், பிறகு மீளாது. ஊறியதை மூக்கில் தொடங்கி வெளிப்பக்கமாக இழுத்து, விளிம்பில் ஆணி அடியுங்கள். செம்பாணி அல்லது துருப்பிடிக்காத எஃகு. இரும்பாணி என்றால் தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கறை விழும், கழுவினாலும் போகாது.

அடுத்தது பொறுமை. கொம்புச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். தட்டத் தட்ட நார் இறுகும், விறைப்பு அப்படித்தான் வரும். நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். முழுக்கக் காயுமுன் அச்சிலிருந்து எடுத்தால் நீங்கள் சொன்ன கதைதான். பிறகு கண் துளை, விளிம்புக்குள் கம்பி வைத்து மடிப்பு, சாயம், மெழுகு.

இந்த வேலை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. மிலான் பிக்கோலோ தியேட்டர் 18-ம் நூற்றாண்டு வெனிஸ் நாடகாசிரியர் கோல்டோனியின் நாடகத்தை 1947-ல் மேடையேற்றிய பிறகு, அதற்காக அம்லேத்தோ சார்த்தோரி சோதித்துச் சோதித்து மீட்டெடுத்தார்.

வாசகர்: அப்படியானால் ஒத்திகையே கிடையாதா?

முதல் பதில்.

பழைய வாசகர்: இது ரோமானியர்களின் அதெல்லா கேலிக்கூத்திலிருந்து நேரடியாக வந்தது. அங்கே மக்குஸ் என்ற கோமாளி, இங்கே புல்ச்சினெல்லா. அதே வளைந்த மூக்கு.

மூக்கை வைத்து வம்சம் சொல்ல முடியாது. அதெல்லா கூத்து ரோமப் பேரரசுக் காலத்தோடு மங்கிப்போனது. புல்ச்சினெல்லாவை மேடையில் நிலைநாட்டிய சில்வியோ ஃபியோரில்லோ 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்துக்காரர். நடுவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் இடைவெளி.

அதே வாசகர்: நாட்டார் கலை ஆவணம் விட்டுவைக்காது. இல்லாதது ஆதாரமா?

இல்லாதது எனக்கு ஆதாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை. கிழவன், பெருந்தீனிக்காரன், வாய்ச்சவடால்காரன் மூன்றும் எந்த ஊர்ச் சிரிப்பிலும் முளைக்கும். நேரடி வம்சம் என்றால் நடுவில் ஒரு கண்ணியாவது வேண்டும்.

அதே வாசகர்: ரிக்கபோனியே ரோமானிய மூலம்தான் சொல்கிறார். அவர் நடிகர்.

அவர் 1716-ல் இத்தாலியக் குழுவைப் பாரிஸுக்கு அழைத்துப்போனவர். 1697-ல் அங்கிருந்து விரட்டப்பட்ட தொழிலுக்கு மரியாதை தேடிக்கொண்டிருந்தவர். ரோமப் பாட்டன் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்? அர்லெக்கினோ என்ற வேலைக்கார வேடத்தின் பெயரைப் பாருங்கள். எல்லெக்கேன் என்பது இடைக்காலப் பிரெஞ்சுக் கதைகளில் பேய்ப்படையின் தலைவன். கவிஞர் தாந்தே பாடிய நரகத்தில் அலிக்கினோ என்று ஒரு பிசாசு உண்டு. அந்த வேடத்தைப் பிரபலமாக்கிய திரிஸ்தானோ மார்த்தினெல்லி 1580-களில் பாரிஸில் ஆடியவர். இங்கே ரோமாபுரி எங்கே வந்தது?

அதே வாசகர்: புல்ச்சினெல்லாவுக்குப் பதில் சொல்லாமல் அர்லெக்கினோவுக்குத் தாவுகிறீர்கள்.

நியாயம். புல்ச்சினெல்லாவின் பெயருக்கு எனக்குத் திருப்தியான மூலம் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். மக்குஸ் என்று மட்டும் எழுதாதீர்கள்.

வாசகர்: ‘பல்யாச்சி’ ஓபராவில் யார் எந்தக் குரல்?

ஓபரா தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

நடிகர்: அரைமுகமூடி போட்டு ஆடும்போது முகமே செத்துக் கிடப்பதுபோல் இருக்கிறது என்கிறார்கள்.

கண்ணை மட்டும் திருப்புகிறீர்கள். துளைக்குள் கண் அசைவது பார்வையாளருக்குத் தெரியாது. மூக்கு நுனியால் பாருங்கள்: முதலில் மூக்கு, பிறகு கழுத்து, கடைசியில் உடம்பு. எதையாவது கண்டதும் முகத்தைச் சட்டென்று பார்வையாளர் பக்கம் திருப்பி ஒரு கணம் நிறுத்துங்கள், பிறகு திரும்பப் பொருளிடம் போங்கள். கையால் முகமூடியைத் தொடாதீர்கள், அது தோல் என்று காட்டிக்கொடுத்துவிடும். வாய்வரை மூடும் முழு முகமூடி வேண்டாம், இது பேசும் நாடகம்.

வாசகி: பெண்கள் நடித்தார்களா? முகமூடியோடா?

நடித்தார்கள். 1564-ல் ரோமில் எழுதிய குழு ஒப்பந்தத்தில் சியேனாவைச் சேர்ந்த லுக்ரேட்சியாவின் பெயர் இருக்கிறது. ஜெலோசி குழுவின் இசபெல்லா ஆந்த்ரெயினி கவிஞரும்கூட. 1604-ல் லியோனில் இறந்தார். காதலர்களுக்கு, ஆணோ பெண்ணோ, முகமூடி கிடையாது. கொலம்பினா போன்ற வேலைக்காரிக்கும் பொதுவாகக் கிடையாது. ‘கொலம்பினா முகமூடி’ என்று கண்ணை மட்டும் மறைப்பது கடைக்காரர்கள் வைத்த பெயர்.

வாசகர்: எல்லாம் அவ்வப்போது இட்டுக்கட்டியதுதானே, பிறகு கோல்டோனி ஏன் எழுதினார்?

முதல் பாதிக்கு மறுபடியும் முதல் பதில். இரண்டாம் பாதி: பழைய சேட்டைகள் புளித்துப்போனதாக அவர் நினைத்தார். 1738-ல் ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் வசனம் எழுதினார், 1743-ல் ஒரு நாடகம் முழுவதற்கும். எரிச்சலான வெனிஸ் எழுத்தாளர் கார்லோ கோட்ஸி 1761-ல் மூன்று ஆரஞ்சுகளின் கதையை முகமூடிகளோடு மேடையேற்றிக் கோல்டோனியைக் கிண்டலடித்தார். கூட்டம் அள்ளியது. அடுத்த ஆண்டு கோல்டோனி பாரிஸுக்குப் போய்விட்டார்.

வாசகர்: கொக்கு மூக்கு வைத்தியர் முகமூடி செய்யத் தோல் எத்தனை அடி வேண்டும்?

அது கொக்கின் நீளத்தைப் பொறுத்தது. இந்த நாடகத்துக்கு என்றால், ஒரு அடியும் வேண்டாம்.