கடலே இல்லாத சாக்சனியில் கலங்கரை விளக்கம் எதற்கு?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் டிரெஸ்டன் நகரின் அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க்கில் ஏரிக்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கம் எந்தக் கப்பலுக்கு வழிகாட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். சரக்குக் கப்பல் எதற்கும் இல்லை. அது முழுக்க முழுக்க அரச குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக எழுப்பப்பட்டது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாக்சனியை ஆண்ட மூன்றாம் பிரெடெரிக் அகஸ்டஸ் காலத்தில், அந்த ஏரியில் சிறு கப்பல்களை விட்டுப் பொய்க் கடற்போர்கள் நடத்தினார்கள். அந்த நாடகத்துக்கான அரங்கப்பொருளாகவே துறைமுகச் சுவரும், துருக்கியிலுள்ள டார்டனெல்சு நீரிணையை நினைவூட்டும் போலி இடிபாடுகளும், சுமார் 22 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரமும் அமைந்தன.

சற்றுத் தொலைவில், செயற்கைத் தீவொன்றில், நான்கு உருண்டைக் கோபுரங்களுடன் நிற்கும் கோட்டை இதைவிட மூத்தது: 1542இல் வேட்டை மாளிகையாகத் தொடங்கியதை, 1723 முதல் சாக்சனியின் முந்தைய ஆட்சியாளரான 'வலிமைமிக்க' அகஸ்டஸ், பெப்பெல்மான் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு விரிவாக்கினார். அங்கே என்னை மிகவும் ஈர்ப்பது இறகு அறை. அதன் கட்டில் திரைகளில் பல வண்ண இறகுகள் பசையால் ஒட்டப்படாமல், தறியில் குறுக்காக ஓடும் ஊடை நூலைப் போலவே நெய்யப்பட்டிருக்கின்றன. நேரமிருந்தால், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபெசன்ட் பறவைச் சிறுமாளிகையையும் பார்த்துவிடுங்கள்.